உப்பு தின்ற சுவருக்கு யார் காசு? வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது பற்றி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், படுக்கையறையின் கிழக்குச் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பொரிந்துபோயிருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளேயிருந்து வெள்ளை மாவு கொட்டும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். காலி செய்த அன்று வீட்டுக்காரர் நேராக அந்தச் சுவருக்குத்தான் போனார்.

"நான் குடுக்கும்போது சுவரு இப்படியா தம்பி இருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பது எனக்கே நினைவில்லை. கொடுத்திருந்த பதினெட்டாயிரம் அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு என்று எட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். வண்டி வாசலில் நின்றது, ஏற்றுகூலிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த எட்டாயிரத்தை நான் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இந்தக் கரையோரத்துக்கு வேலை மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடலோரக் காவல்படைக் குடும்பங்கள், ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வெளியே அறை எடுக்கும் பிள்ளைகள் என முதல்முறை வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

பேரே கொஞ்சம் குழப்புகிறது. அட்வான்ஸ் என்றால் முன்பணம், அதாவது வாடகையை முன்கூட்டியே கொடுப்பது என்று தோன்றும். அப்படி இல்லை. அது பிணைத்தொகை. நீங்கள் வாடகை பாக்கி வைத்தாலோ வீட்டுக்குச் சேதம் செய்தாலோ வீட்டுக்காரர் ஏமாந்துவிடக்கூடாது என்பதற்காக அவர் கையில் கொடுத்துவைக்கும் உங்கள் பணம். நீங்கள் குடியிருக்கும் வரை அவரிடம் இருக்கும். போகும்போது, உங்கள் பக்கம் பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "குடுத்தா வாங்கிக்கலாம்" என்று எதிர்பார்த்து நிற்க வேண்டிய பணம் இல்லை அது.

ஒத்தியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒத்தி என்றால் மொத்தமாக லட்சக்கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் ஒத்திப் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். சட்டத்தின் பார்வையில் அது அடமான வகை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றாலே பத்திரப் பதிவு வேண்டும். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி ஒத்திக்கு இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

வாடகைக்கு விடுவோர், குடியிருப்போர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸைப் பற்றி அது இரண்டே விஷயங்கள் சொல்கிறது. இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தச் சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகளும் மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளும் இதில் வரும். கிராம ஊராட்சிக்குள் வீடு எடுத்திருந்தால் 1882-ஆம் ஆண்டுச் சொத்துமாற்றுச் சட்டமும், நீங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும்தான் பேசும்.

தேய்மானமா, சேதமா?

அட்வான்ஸ் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். சொத்துமாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இதற்குத் தெளிவாகவே வழி சொல்கிறது. குடியிருப்பவர் வீட்டை, தான் எடுத்தபோது இருந்த நல்ல நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஆனால் நியாயமான தேய்மானத்தால் வந்த மாற்றத்துக்கும், தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றத்துக்கும் அவர் பொறுப்பில்லை.

நான்கு வருஷம் குடியிருந்த வீட்டில் சுவர் மங்கியிருக்கும், கதவில் கைபட்ட இடம் கறுத்திருக்கும், தரையில் கட்டில் நின்ற தடம் தெரியும். இதெல்லாம் தேய்மானம். மனிதர்கள் வாழ்ந்த வீடு அப்படித்தான் இருக்கும், வாடகை கொடுப்பதே அதற்குத்தான். ஆணி அடித்துச் சுவரில் பெரிய குழி விழுந்திருந்தால், பையன் பந்தடித்து ஜன்னல் கண்ணாடி போயிருந்தால், சமையல் மேடைக் கல் பிளந்திருந்தால் அது சேதம். அதற்கு நீங்கள்தான் தர வேண்டும்.

நம் கரையில் இதற்கு நடுவே உப்பு என்று மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார்.

கடல் பக்கம் உள்ள வீடுகளில் நிலத்தடி நீரில் உப்பு இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல செங்கல் அந்த ஈரத்தை மேலே இழுக்கிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாக வளர்ந்து பெயிண்டையும் பூச்சையும் உள்ளிருந்து நெட்டித் தள்ளும். அதனால்தான் பொரிவது எப்போதும் சுவரின் அடிப்பகுதியிலிருந்து தொடங்குகிறது. கட்டும்போதே உப்புத் தண்ணீர் விட்டுக் கலவை குழைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் பொரியும். மேலே கான்கிரீட்டில் நடப்பது வேறு. காற்றோடு வரும் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் கூரை வெடித்துச் சிமெண்ட் பெயர்ந்து விழுகிறது.

இதில் குடியிருப்பவர் செய்த தப்பு எங்கே இருக்கிறது? அந்த வீட்டைப் பூட்டிப்போட்டிருந்தாலும் அந்தச் சுவர் பொரிந்துதான் இருக்கும். புதுப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி பொரியும், ஏனென்றால் கோளாறு இருப்பது அடியில். அதைச் சரிசெய்வது கட்டட வேலை. 2017 சட்டத்தின் பின்னிணைப்பு யார் எந்தப் பராமரிப்பைப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக்கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் இங்கே பலரும் நம்புவதே இல்லை.

ஆனால் அதே பட்டியலில் நம் பக்கம் விழுகிறவையும் உண்டு. குழாய்த் திருகும் அதன் வாசரும், சுவிட்சு, பிளக் பாயிண்ட், கதவின் கைப்பிடி, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, வாஷ்பேசின், கக்கூஸ் பழுது, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. உப்புத் தண்ணீரில் குழாய் பூத்துப்போய்த் திருக முடியாமல் நின்றால் அதையும் நாம்தான் மாற்ற வேண்டும். சுவரைத் தின்றதும் உப்புதான், குழாயைத் தின்றதும் உப்புதான், ஆனாலும் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. இதை ஒப்புக்கொண்டு பேசினால் வீட்டுக்காரரும் சுவரைப் பற்றி நாம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்.

தடுக்க முடியாத சக்தி என்பதும் இங்கே வெறும் ஏட்டு வார்த்தை இல்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் மேகம் வெடித்ததுபோல் கொட்டிய மழையில் வீட்டுக்குள்ளெல்லாம் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்து ஊறிய கதவுக்கும், புயலில் பறந்த கூரை ஷீட்டுக்கும் குடியிருப்பவரிடம் காசு கேட்க முடியாது. அது நடந்த அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். வருஷம் கழித்துக் காலி செய்யும்போது சொன்னால் அவருக்கும் நினைவிருக்காது.

வேலை தொடங்குவது குடிபோகும் நாளில்

பால் காய்ச்சுவதற்கு முன்னால், சாமான் இறக்குவதற்கு முன்னால், காலி வீட்டைச் சுற்றிச் செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவரின் அடியும் தெரிய வேண்டும். கூரையில் விரிசல், ஜன்னல் கம்பியின் துரு, ஒவ்வொரு குழாயும் திறந்து மூடுவது, சுவிட்சுப் பெட்டி, மின்சார மீட்டரின் எண் எல்லாம் அதில் வரட்டும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணே, இன்னிக்கு வீடு இப்படி இருக்கு, பாத்துக்கங்க" என்று ஒரு வரி போடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு அனுப்பிய செய்தி இருவர் போனிலும் இருக்கும்.

அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதை என்னால் முடிந்தவரை தடுப்பேன். வங்கி மூலமோ ஜிபே மூலமோ அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீது எழுதி வாங்குங்கள். யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கங்களில் வீட்டுக்காரர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார், சாவி இங்கே ஒரு சொந்தக்காரர் கையில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார், பணம் போவது யார் கணக்குக்கு, நாளைக்குத் திருப்பித் தரப்போவது யார் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காலி செய்யும்போது இங்கே இருப்பவர் "மச்சான்ட்ட கேளுங்க" என்பார், அங்கே இருப்பவர் "ஊர்ல கேளுங்க" என்பார்.

பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் 2017 சட்டத்தில், எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஓர் எண் கொடுப்பார்கள். பதியாத ஒப்பந்தத்தைப் பிறகு சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடுங்கள்: "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்காகப் பிடித்தம் செய்யப்படும்." தயாராக அடித்து வைத்திருக்கும் ஒப்பந்தங்களில் இது அடிக்கடி இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீங்கள் ஒப்புக்கொண்டது, பிறகு சட்டத்தின் பின்னிணைப்பைக் காட்டிப் பயனில்லை. வேண்டாம் என்றால் அந்த வரியை அன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள்.

ஆடியும் அறிவிப்பும்

அட்வான்ஸ் தாமதமாவதற்கு நான் அதிகம் கேட்ட காரணம் இதுதான்: "புது ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத் தந்துடுறேன்." பல வீட்டுக்காரர்கள் உங்கள் அட்வான்ஸை வாங்கிய வாரமே செலவழித்திருப்பார்கள். மகள் கல்யாணம், படகுக்கு எஞ்சின், பையனுக்கு விசா என்று ஏதோ ஒன்று. வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவர்கள் குறைவு என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும் சட்டத்தில் புது ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்.

நடைமுறையில் அவருக்கும் கொஞ்சம் நேரம் கொடுப்பது நமக்கே நல்லது. ஆனி கடைசியில் திடீரென்று காலி செய்தால் ஆடி முழுக்க அந்த வீட்டுக்கு யாரும் பால் காய்ச்ச வரமாட்டார்கள். மார்கழியிலும் அதே கதைதான். அதனால் இந்த இரண்டு மாதத்துக்கு முன்னால் காலி செய்வதாக இருந்தால், ஒப்பந்தத்தில் ஒரு மாத அறிவிப்பு என்று இருந்தாலும் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்றால், 2017 சட்டத்துக்குள் வரும் வீட்டுக்குக் குறைந்தது ஒரு மாத அறிவிப்பு வேண்டும்; அதற்கு வெளியே உள்ள மாத வாடகை வீட்டுக்குச் சொத்துமாற்றுச் சட்டம் கேட்பது 15 நாள் அறிவிப்பு. வாயால் சொன்னாலும் எழுத்திலும் சொல்லுங்கள். இவ்வளவு போதும்:

"அண்ணே, வணக்கம். ஜூலை 10 அன்று வீட்டைக் காலி செய்கிறோம். அன்று காலை வந்து வீட்டைப் பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ரூ. 22,500-இல் பாக்கி ஏதும் இருந்தால் கணக்கு எழுதிக் கழித்துக்கொண்டு, மீதியை ஆகஸ்ட் 10-க்குள் இந்த வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்."

கடைசி இரண்டு மூன்று மாதம் வாடகையே கொடுக்காமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்பவர்கள் உண்டு. பணம் திரும்பாதோ என்ற பயம் புரிகிறது. ஆனால் வீட்டுக்காரர் சம்மதிக்காமல் செய்தால் அது வாடகை பாக்கி, தப்பு நம் பக்கம் வந்துவிடும். அவரே சரி என்றால் தாராளமாகச் செய்யலாம், அந்தச் சரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, பல வீடுகளில் வாடகை நிற்கும். "அட்வான்ஸ் இருக்குல்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரு பக்கமும் பேசிக்கொள்வார்கள். மூன்று வருஷம் இப்படிப் போனபின், எத்தனை மாதம் கழிந்தது, எதைத் திருப்பிக் கட்டினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடைக்காலம் முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

மண்டபத்துக்குப் பிறகு கீழக்கரையில் ஒரு வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் துபாயில், பொறுப்பு அவருடைய மச்சான். ஊரில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்பேன், அங்கே அண்ணன் என்று அர்த்தம். வாடகை 7,500, அட்வான்ஸ் 22,500. இந்த முறை முதல் நாள் வீடியோ என் போனில் இருந்தது.

காலி செய்த அன்று சாமான் எல்லாம் ஏற்றி, வீட்டைக் கூட்டித் துடைத்தபின்தான் காக்காவைக் கூப்பிட்டேன். முதலில் இருவரும் மீட்டரைப் பார்த்தோம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறது, நாம் நடுவில் கிளம்புகிறோம். கடைசி பில்லில் இருந்த எண்ணுக்கும் அன்றைய எண்ணுக்கும் வித்தியாசம் 122 யூனிட். அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் காசு 22 யூனிட்டுக்குத்தான், அறுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அதே சுழற்சியில் புது ஆள் குடிவந்துவிட்டால் இலவச யூனிட்டை நாள்கணக்கில் பிரிப்பதுதான் நியாயம், அந்த வீட்டுக்கு அப்போது யாரும் வரவில்லை.

அந்த மாதம் பத்து நாள் இருந்திருக்கிறோம், வாடகை 2,500. உப்புப் பூத்த இரண்டு குழாய்க்கு 500. குளியலறைத் தாழ்ப்பாள் 250. உடைந்த ஜன்னல் கண்ணாடி 400. இவை எங்கள் பொறுப்பு என்று நானே சொன்னேன். மொத்தம் 3,710. 22,500-இல் கழித்தால் 18,790.

காக்கா சுவரைப் பார்த்தார். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிக்கிறது எல்லா வீட்லயும் உள்ளதுதானே தம்பி?"

போனை எடுத்துக் காட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே சுவர், அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பொரிந்திருந்தது. இப்போது அது முழங்கை நீளம் ஆகியிருந்தது. "உப்பு காக்கா. ஒப்பந்தத்திலயும் பெயிண்டிங் பத்தி எழுதலையே" என்றேன். அவர் குனிந்து சுவரைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு வீடியோவைத் தனக்கு அனுப்பச் சொல்லித் துபாய்க்கு அனுப்பினார். ஒரு தாளில் கணக்கை எழுதி, மீட்டர் எண்ணையும், மூன்று சாவி கொடுத்ததையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம். அன்று ராத்திரியே 18,790 வந்துவிட்டது.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதும் தெரியும். ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால், முதலில் கணக்கோடும் தேதியோடும் ஒரு கடிதம் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. "எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள், பில் எங்கே" என்று அதில் கேளுங்கள். பலருக்குத் தபால்காரர் கையெழுத்துக் கேட்கும்போதே விஷயத்தின் கனம் புரிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால், 2017 சட்டத்துக்குள் வரும் வீடுகளுக்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

அதற்கு முன் ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஒருமுறை அணுகிப் பாருங்கள். வழக்காகப் பதிவதற்கு முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசி, மக்கள் நீதிமன்றத்தில் முடித்துவைப்பார்கள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வக்கீல் உதவியும் இலவசமாகக் கிடைக்கும். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. போகும்போது ஒப்பந்தம், அட்வான்ஸ் அனுப்பிய ரசீது, முதல் நாள் படம், கடைசி நாள் படம், மீட்டர் எண், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.